துடைத்துக் கொடுத்த ஆறு

ஸ்டுடியோக்காரிக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. அவளுக்கு ஆகாதது நாற்காலிதான். வீட்டுக்காரர் அப்படியே தலைகீழ். அதனால் கல்யாணமான புதிதிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவது அவள்; பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பரு, தழும்பு, கருவளையம், பின்னால் தொங்கும் ஒயர் என்று கண்ணை உறுத்தும் எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது அவர். அவர் கை பட்டால் கிழவியும் குமரியாகிவிடுவாள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு.

இந்த வருஷ வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு வந்து ஆற்றோரத் தெருவின் மேலேயே படுத்துக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை, தெருதான் இல்லை. அங்கே அவள் தம்பிக்கும் ஒரு வீடு இருந்தது. இப்போது தம்பி குடும்பம் ஸ்டுடியோவின் முன்னறையில், விளக்குக் குடைகளுக்கு நடுவே பாய் விரித்துக் கிடக்கிறது.

வீடு போனவர்களுக்கு மேட்டில் மாற்றிடம் தருவதாகச் சொன்னார்கள். அவளும் தம்பியும் பொதுப்பணித்துறைப் பொறியாளரிடம் போனால் அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது ஆத்து இடம்ப்பா. அங்க தெரு இருந்துச்சுன்னு யார் வேணா சொல்லலாம்."

"பத்திரமெல்லாம் வெள்ளத்தோட போயிடுச்சு சார்."

"அப்ப படமாவது எடுத்துட்டு வாங்க. இல்லன்னா மெஷினை இறக்கி ஆத்தைச் சுத்தம் பண்ணிடுவோம்."

அவள் விடியுமுன் பாலத்துக்குப் போய்விட்டாள். தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்தாள். தம்பி வீட்டு மாடிப்படியின் மேல்பாதி, பக்கத்து வீட்டுத் தூண், குழாயடி மேடை, வரிசை கலையாத விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தெரு தெருவாகவே தெரிந்தது. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "பெருசா பிரிண்ட் போட்டுத் தம்பிகிட்ட குடுத்துடுங்க" என்று சொன்னவள், ஒரு கல்யாணத்துக்கு ஓடினாள்.

மறுநாள் அவளும் கூட வர, சுருட்டிக் கொடுத்த படத்தைத் தம்பி பொறியாளரின் மேசையில் விரித்தான்.

"அடேங்கப்பா! காலண்டருக்கே போடலாம்மா இதை. சரி, தெரு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். படி இல்லை. தூண் இல்லை. ஒரு கம்பம்கூட இல்லை. பளிங்கு போல் தண்ணீர், அதில் அழகாக ஒரு வானம். தம்பி படத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவை அவள் திறந்த வேகத்தில் சுவரே அதிர்ந்தது.

"படி எங்கங்க?"

"எந்தப் படி? ஓ, அதுவா. தண்ணிக்குள்ள கன்னாபின்னான்னு நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா, குப்பையாட்டம். எப்பவும் போல எடுத்துட்டேன்."

"குப்பையா? உங்க மச்சான் வீடுய்யா அது! அந்தப் படியில உக்காந்துதானே மூக்கு முட்டத் தின்னீங்க? அப்ப தெரியலையா குப்பைன்னு?"

"கிட்டப் போய்ப் பார்த்தா தெரிஞ்சிருக்கும்…"

"முதல்ல எடுத்தது எங்க?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"கார்டுல இருக்கும்ல?"

"அதை அழிச்சுட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனது… நீதானே."

பொறியாளர் மேல், இந்த மனுஷர் மேல், தன் கை மேல், எதன்மேல் முதலில் எரிந்து விழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, மெஷின் இறங்கிடுச்சு!"

அவள் ஒரு கையில் கேமராவும் மறு கையில் வீட்டுக்காரருமாக ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது இயந்திரத்தின் நீண்ட கை ஒரு கம்பத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் போட்டிருந்தது. அடுத்தது தம்பியின் படி. கேமராவை வீட்டுக்காரர் நெஞ்சில் திணித்தாள். செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, தம்பியையும் இழுத்துக்கொண்டு படிமேல் ஏறி நின்றாள்.

"இறங்கும்மா! என் வேலைக்கே உலை வச்சிடுவ போலிருக்கே!" என்று ஓட்டுநர் கத்தினார்.

"உனக்கு வேலை போகும்! எங்களுக்குத் தெருவே போயிடுச்சுய்யா! இடிக்கிறதுன்னா என்னையும் சேர்த்து இடி!"

கரையில் நின்ற தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தூணுக்குச் சொந்தக்காரர் முதலில் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக, இடுப்பளவுத் தண்ணீரில் காலால் தடவித் தடவி, அவரவர் வாசலைக் கண்டுபிடித்து நின்றார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் நல்ல வெயிலில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். படம் எடுக்கிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!"

"வாயில நல்லா வந்துடப் போகுது!" என்று ஆற்றின் நடுவிலிருந்து அவள் அலறினாள். "எடுங்க!"

எடுத்தார்.