ஏழு வீட்டுக் கேக்

போன கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மாரடைப்பில் சாகப்போகிறேன் என்று நான் முழு மனதாக நம்பினேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. சுற்றியுள்ள ஏழு வீட்டிலும் உண்டு. கொண்டாடுகிறவன் தன் வீட்டில் தின்றால் போதும். கொண்டாடாதவன் ஒரு வீட்டையும் விட முடியாது. விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பாறசாலை சந்திப்பில் ஒரே ஓர் ஆட்டோதான் நின்றது. மற்ற டிரைவர்களுக்கெல்லாம் பண்டிகை. இவர் நெற்றியில் சந்தனம் இட்ட, ஒல்லியான மனிதர். சவாரி போன வீடுகளில் கொடுத்த கேக் பொட்டலங்களைப் பிரிக்காமல் முன்கண்ணாடிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்.

"நெஞ்சு வலிக்கி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் விடுங்க."

"எத்தன வீட்டுல தின்னிய?"

"ஏழு."

"அப்ப அது வாயுவாக்கும் அண்ணே. எனக்கும் பதினோரு பொட்டலம் வந்தாச்சு, ஒண்ணையும் தொடல்ல. எல்லாரும் தின்னுட்டுக் கிடந்தா வண்டி ஓட்ட ஒருத்தன் வேண்டாமா?"

சாகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினேன். இடையிடையே என் மரண அறிவிப்புக்கு எந்தப் போட்டோ கொடுப்பது என்றும் யோசித்தேன்.

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்து என்னைத் திருப்பி அனுப்பினார். வெளியே ஆட்டோ எஞ்சின் அணையாமல் வாசலிலேயே நின்றது.

"எதுக்கு ஓடவிட்டிருக்கிய?" என்றேன்.

"டாக்டர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னா உடனே எடுக்கணும்லா."

வாயு என்று அடித்துச் சொன்ன மனிதர் உள்ளுக்குள் எதை நம்பினாரோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு வந்தது வாயுதான்.