இரண்டு பேருக்கும் ஒரே திதி

உயிரோடிருந்த என் மருமகனைச் செத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான். உயிரோடிருக்கிற என் மகளைச் செத்துவிட்டாள் என்று அவருக்குச் சொன்னவளும் நான்தான்!

இதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இலேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை. ஆகவே முழுவதையும் கேளுங்கள். இடையில் எழுந்து போக விரும்பினால் போங்கள், நான் மறிக்கமாட்டேன்.

முப்பத்திரண்டு வருடம் மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தவள் நான். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் முழங்காலில் நிறுத்தியவள். ‘ரீச்சர் சொன்னால் சரி’ என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது. வெட்கமாக இருக்கிறது!

கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். எனக்கு ஒரே மகள், சுகந்தி. படிப்புக்காக அவள் லாஞ்சில் திருகோணமலைக்குப் போய்வந்தாள். அந்த லாஞ்சில் கயிறு எறிந்து கரையில் கட்டுகிறவர் தவராசா. இருவருக்கும் விருப்பம். என்னைக் கேட்காமலே பதிவுத் திருமணம் முடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன்? குடிப்பாரா? இல்லை. கை நீட்டுவாரா? ஒருநாளும் இல்லை. தாய் தகப்பன் இல்லாதவர், படிக்காதவர், என்னைக் கண்டால் சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து நிற்கிறவர். ஒரு ரீச்சரின் மகளுக்கு லாஞ்சுக் கூலிக்காரனா என்ற மண்டைக்கனம் எனக்கு! வேறொன்றுமில்லை.

அவருடைய இடக்கையில், பெருவிரலடியிலிருந்து மணிக்கட்டு வரை, கயிறு அறுத்த தழும்பு ஒன்று இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலியாணமாகிப் பத்து மாதம். ஒரு காலையில் ஆமிக்காரர் இறங்குதுறையைச் சுற்றி வளைத்தார்கள். லாஞ்சால் இறங்கியவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்த, முகத்தில் சாக்கு மாட்டிய, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் தவராசாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஏற்றிக்கொண்டு போனவர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

சுகந்தி இரண்டு வருடம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். வெயிலில் கறுத்தாள், மெலிந்தாள். பொட்டை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்த என் தமையன் மகன், எல்லாம் தெரிந்தும், அவளைக் கட்டச் சம்மதம் என்று எழுதினான்.

“பிள்ளை, இன்னும் எத்தினை நாளைக்கு இப்பிடி?”

“அவர் வருவார் அம்மா. என்னைப் பொட்டு அழிக்கச் சொல்லாதேங்கோ.”

நான் சொல்லவில்லை. அவளே அழிக்கும்படி செய்தேன்.

பரீட்சை மேற்பார்வைக்கு நிலாவெளிக்குப் போய்விட்டு வந்த நாள் அது. கரையில் உடல்கள் ஒதுங்கிக் கிடந்தன, அள்ளிக்கொண்டு போகுமுன் நான் பார்த்தேன், அதில் தவராசாவும் கிடந்தார் என்று அவளுக்குச் சொன்னேன். நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை!

அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். “தழும்பு பாத்தனீங்களோ?”

“பாத்தனான். இடக்கை.”

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகை பொய்யா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை...

இறப்புப் பதிவுக்குக் கண்ட சாட்சியின் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார்கள். எழுதினேன். சமாதான நீதவான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. “ரீச்சர் கண்டதெண்டால் பிறகென்ன!” என்று முத்திரை குத்தினார். திதி என்னவென்று சுகந்தி கேட்டாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, ஆவணித் தேய்பிறைத் தசமி என்றேன்.

அவளைக் காப்பாற்றத்தானே செய்தேன்? அந்த நாட்களில் இளம் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது நெருப்பை மடியில் கட்டியதுபோல என்று உங்களுக்கும் தெரியுமே! இப்படி எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் தவராசா எனக்குப் பிடித்த மருமகனாக இருந்திருந்தால் இன்னுமொரு வருடம் பார்த்திருப்பேன் அல்லவா? அங்கேதான் நான் பிடிபடுகிறேன்.

சுகந்தி ஊருக்குச் சொல்லாமல் கொழும்பால் லண்டனுக்குப் போனாள். கட்டினாள். இரண்டு பிள்ளைகள். பிறகு செல்லடியில் எங்கள் ஊர்ச் சனம் நாலு பக்கமும் சிதறிப்போக, நான் திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு சிறிய வீட்டில் ஒதுங்கினேன்.

சண்டை ஓய்ந்த மறுவருடம், ஒரு பின்நேரம், படலையை ஒரு கை பிடித்திருந்தது. முகத்தைப் பார்க்குமுன் தழும்பைத்தான் பார்த்தேன்.

“மாமி...”

பன்னிரண்டு வருடம் சிறை மாறிச் சிறை கிடந்து வந்திருந்தார். எலும்பும் தோலும். முன்வாயில் பல்லில்லை. என்னிடம் படித்த ஒருவன் வழி சொல்லி அனுப்பியிருக்கிறான்.

“சுகந்தி எங்கை மாமி?”

அந்தக் கணத்தில் நான் எதை நினைத்தேன்? மகளின் வாழ்வையா? என் கையெழுத்தையா? பொய்ச்சாட்சி சொன்ன ரீச்சர் என்று சனம் காறித் துப்புவதையா? எல்லாம் ஒன்றாய்த்தான் வந்தன. வாய் முந்திக்கொண்டது.

“இடம்பெயரேக்கை செல் விழுந்தது தம்பி. அவள் போயிட்டாள்.”

அந்தக் காலத்தில் ஒருவரைச் சாகடிக்க அதிகம் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை. எல்லா வீட்டிலும் செத்துத்தானே இருந்தார்கள்! அவர் ஆதாரம் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “என்ன திதி மாமி?” என்றார்.

ஆவணித் தேய்பிறைத் தசமி என்றேன். எனக்குப் பாடமாகியிருந்த திதி அது ஒன்றுதான்.

பதினைந்து வருடமாக அந்த நாளில் அவர் வருகிறார். தம்பலகாமத்தில் ஒருவரின் வயலுக்கு யானைக் காவல் இருக்கிறார். வேறு கலியாணம் செய்யவில்லை. மூதூர்த் தயிர்ச்சட்டி ஒன்றோடு காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். சமைப்பவள் நான்! சுகந்திக்கு விருப்பமென்று கத்தரிக்காய்ப் பால்கறியும் உளுந்து வடையும். அவர் வருமுன் பேரப்பிள்ளைகளின் படங்களையெல்லாம் அலுமாரிக்குள் பூட்டுவேன். சுகந்தியின் பழைய படத்தை வெளியே எடுத்து மாலை போடுவேன். பெற்ற மகள் உயிரோடு இருக்க அவள் படத்துக்கு மாலை போட்ட கையைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கைதான்.

காகத்துக்குச் சோறு வைக்கும்போது அவர் அந்தத் தழும்புக் கையை முகத்துக்கு நேரே தூக்கிக் கும்பிடுவார். காகம் இறங்கினால், “வந்திட்டாள் மாமி!” என்று சின்னப்பிள்ளைபோல் சிரிப்பார்.

லண்டனில் அதே நாளில், புருஷனுக்குத் தெரியாமல், சுகந்தியும் சமைக்கிறாள். வாழைக்காய்ப் பொரியல் தவராசாவுக்கு விருப்பமாம். அங்கே காகம் கிட்ட வராதாம். மாடிக் கம்பியில் வைத்த சோற்றைப் புறா தின்னும் என்பாள். வேலைக்குப் போகுமுன் எனக்குப் போன் எடுப்பாள், நம் பக்கத்து மத்தியானம் அது. அந்த ஒரு நாள் மட்டும் போனின் சத்தத்தை நிறுத்தி வைப்பேன்.

இன்று மறந்துபோனேன்.

இன்றைக்குத்தான் தசமி. தவராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கால் வீங்கி, கண் மங்கி, முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். இலைக்கு முன்னால் சிரமப்பட்டு இருந்தார்.

“அடுத்த முறை வர ஏலாது போல, மாமி. டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். எனக்குக் கவலையில்லை. அவளிட்டைத்தானே போறன்!”

அவள் அங்கே இல்லையடா பாவி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இதுதான் கடைசித் தருணம் என்று தெரியும். சொன்னால், சாகப்போகிறவரின் ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால், பொய்யோடு போவார். வாயைத் திறந்தேன்...

போன் அடித்தது. திரையில் சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இரண்டு முழத் தூரம்கூட இல்லை.

“எடுங்கோவன் மாமி.”

“ஆரோ நம்பர் பிழைச்சு எடுக்கினம் தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ,” என்று அதைச் சுளகுக்குக் கீழே தள்ளினேன்.

ஓய்ந்து மறுபடி அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் சோற்றைப் பிசைந்தார். இரண்டாம் முறையும் பால்கறி கேட்டு வாங்கினார். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “பெத்த தாய் போலப் பாத்தனீங்கள்” என்றார்!

இனி அவர் உண்மையாகவே செத்தால், அந்தத் திதியை நான் எவரிடம் சொல்வது?

பின்நேரம் சுகந்தி மறுபடி எடுத்தாள்.

“ஏனம்மா எடுக்கேல்லை? அவருக்குப் படைச்சனீங்களோ?”

“ஓம் பிள்ளை.”

“இண்டைக்கு என்னவோ மனம் சரியில்லை அம்மா. அவர் பசியோடை இருக்கிற மாதிரி... காகம் வந்து சாப்பிட்டதோ?”

“சாப்பிட்டவர், பிள்ளை,” என்றேன். “ரெண்டு முறை கேட்டு வாங்கி, வடிவாச் சாப்பிட்டவர்.”

அந்தப் பக்கம் அவள் அழுதாள். ஆறுதலில் அழுதாள்.

அவர் உண்ட இலை குசினியில் அப்படியே கிடக்கிறது. எடுத்து எறிய எனக்குக் கை வரவில்லை.