படம் வரைந்த பரீட்சைத்தாள்

முபீனா டீச்சரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது. அவர்மேல் இல்லை, எங்கள் பள்ளிக்கூடத்தின்மேல். போடியில் அவர் இங்கிலீஷ், நான் கணக்கு. இங்கிலீஷ் பீரியட் என்றாலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டை. அவர் மதுரைக்குப் போய் ஓர் இங்கிலீஷ் படக்கதை நாவலை வாங்கிவந்து, கட்டம் கட்டமாகப் படிக்க வைத்தார். "பொம்மை புஸ்தகமா நடத்துறீங்க?" என்று ஹெச்.எம். நக்கலடித்தார். டீச்சர் கண்டுகொள்ளவே இல்லை. கடைசி பெஞ்சு கார்த்திகா எழுந்து சத்தமாகப் படித்த அன்று, ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். அப்படி ஒரு மனுஷி.

கார்த்திகாவின் அம்மா அன்னக்கொடி, சிலமலையிலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கிறவள். முட்டி தேய்ந்துபோய்ச் செடிக்கடியில் குந்த முடியவில்லை. காய் எடுக்கிற காலத்தில் ஜீப்பில் இடத்தை விட்டால் போச்சு, மறுநாளே வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அவள் டீச்சரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "அரைப் பரிச்சையில இங்கிலீசு பாசானா படிக்கட்டும், நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போறேன். இல்லேன்னா என் இடத்துல அவதான்."

டீச்சர் அந்தப் பிள்ளையோடு மாரடித்தார். பரீட்சையில், உனக்குப் பிடித்தவரைப் பற்றி எழுது என்று ஒரு கேள்வி. கார்த்திகா தான் படித்த மாதிரியே எழுதினாள்: கட்டம் போட்டு, படம் வரைந்து, பேச்சை உள்ளே எழுதி. இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது. திருத்தியவர் வேறு பள்ளிக்காரர். படத்தைப் பார்த்ததும் குறுக்கே கோடு இழுத்து முட்டை போட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியில் பாஸ் போச்சு. அடப்பாவி மனுஷா, வாசித்தாவது பார்த்திருக்கக் கூடாதா?

தாளை மறுபடி திருத்தச் சொல்லி டீச்சர் ஹெச்.எம். காலில் விழாத குறை. "ரூல்னா ரூல்தாம்மா" என்றார் அவர்.

மறுநாள் விடியும்போது சிலமலை ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனோம். டீச்சர் ஸ்கூட்டியில், துணைக்கு நான் பின்னால் பைக்கில். கார்த்திகா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்குவாளியோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். அன்னக்கொடி வழியனுப்ப வந்திருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். பாருங்க, உங்க மக எழுதியிருக்கா. பரீட்சையில படம் போடக் கூடாதுன்னு நான்தான்க்கா சொல்லாம விட்டுட்டேன். பொதுத்தேர்வு வரைக்குமாவது விடுங்கக்கா, கெஞ்சிக் கேக்குறேன்." டீச்சர் அந்த விடைத்தாளை அவள் முன்னால் விரித்தார்.

அன்னக்கொடிக்கு எழுத்துத் தெரியாது. ஏலச்செடிக்கடியில் குந்தியிருந்த பொம்பளையையும், அவள் முட்டியில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தாள்.

"இது நான்ல?"

"ஆமாக்கா."

"என்ன எழுதிருக்கா?"

"'முட்டி வலிச்சா வலிக்கட்டும், என் மக படிக்கிறா'ன்னு நீங்க சொல்ற மாதிரி."

டிரைவர் மகாராஜன் ஹாரன் அடித்தான். "ஆத்தா, வெரசாப் பேசி முடிங்க. ஆள் சேந்துருச்சு."

"என்னைய வரஞ்சதுக்கா முட்டை போட்டாங்க, டீச்சர்?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

அன்னக்கொடி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மகாராஜனைப் பார்த்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். கார்த்திகாவோடு ஜீப் மலைப்பக்கம் கிளம்பிவிட்டது.