பதினோராவது சுரம்

போடி பேருந்து நிலையத்தில் இறங்கி 'டிரம்பெட் பிரின்ஸ் வீடு எது' என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட ஆளே கூட வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். அவ்வளவு பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய பதினெட்டு வருடமும் ஊரோடு சேர்ந்து நானும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். நான் வேல்பாண்டி, பிரின்ஸின் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கிறவன். வாசிப்பவன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஏமாந்தேன்.

'வேவு' என்ற படம். ஓர் உளவாளியை வைத்து ஐந்து பாகம் வந்துவிட்டது. நடுவில் கதாநாயகன்கூட மாறிவிட்டான். மாறாதது ஒரு டிரம்பெட் சத்தம். உளவாளி எதிரி வீட்டு மொட்டைமாடியில் குதிக்கும்போது பதினோரு சுரம் வரும். முதல் பத்தும் படி ஏறுவது போல ஏறும். பதினோராவது உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும், இறங்காது. அது நிற்கிற வரைக்கும் தியேட்டரில் ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். முதல் பாகத்தில் எழுத்துப் போடும்போது 'டிரம்பெட்: போடி பிரின்ஸ்' என்று தனியாக வந்தது. அந்த ஒரு வரியைப் பார்க்க எங்கள் ஊரில் மூன்று தடவை டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. ஜெபஷீலாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததே அந்த எழுத்தைப் பார்த்துத்தான். தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், பேண்டு செட்டுக்காரனுக்கு வேறு எதற்காகப் பெண் கொடுக்கப் போகிறது?

ஆனால் பிரின்ஸ் அந்த இசையை ஊரில் ஒரு நாளும் ஊதியதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோழர்கள் கெஞ்சுவார்கள். "அது கம்பெனி சொத்துங்க. காப்பிரைட் கேஸ் போட்ருவாக" என்று கையெடுத்துக் கும்பிடுவான். கேஸ் போடுகிற அளவுக்குப் பெரிய ஆள் என்று அதற்கும் நாங்கள் பெருமைப்பட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பந்தியே கண்ணை மூடிக்கொண்டால் தாராளமாக மறைக்கலாம்.

ஏழு மாதத்துக்கு முன்பு ஆறாம் பாகத்தின் படப்பிடிப்பு லோயர் கேம்புக்கு வந்தது. மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை ஒட்டி உளவாளி ஓடிவர வேண்டுமாம். உதவி செய்த உள்ளூர்க்காரர்களுக்குக் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். முக்கியமான மரியாதை பிரின்ஸுக்கு. மேடையில் அவன் அந்தப் பதினோரு சுரத்தையும் ஊத வேண்டும் என்று இயக்குநரே போனில் கேட்டுக்கொண்டார். கம்பெனியே கேட்ட பிறகு காப்பிரைட் என்று சொல்ல முடியாதல்லவா? ஜெபஷீலா வெள்ளைச் சீருடையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் பிரின்ஸ் என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வண்டிய எடு வேலு. மொக்கைச்சாமி அண்ணனப் பாக்கணும்" என்றான்.

மொக்கைச்சாமிக்கு வீடு சின்னமனூரில். முன்பு எங்கள் செட்டில் இரண்டாவது டிரம்பெட். எட்டு வருடத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் முன்பல் நான்கும் போய்விட்டது. பல் இல்லாமல் டிரம்பெட்டை எதில் முட்டுக் கொடுத்து ஊதுவது? அதிலிருந்து கடைசி வரிசையில் நின்று மரக்காஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பவுனு திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாள்.

பிரின்ஸ் அவர் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தான். "அண்ணே, நாளைக்கு மேடையில சொல்லிரப் போறேன். படத்துல ஊதுனது நான் இல்ல, நீங்கன்னு."

பிறகு இரண்டு பேருமாகச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

தேனியில் ஒரு கல்யாணத்தில் எங்கள் செட்டைக் கேட்டுவிட்டு, அந்தப் படத்தின் இசையமைப்பாளர் பிரின்ஸை மெட்ராஸ் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோ ஆட்கள் ஊதுவது ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, எனக்குத் தெருப்புழுதி ஒட்டிய சத்தம் வேண்டும் என்றாராம். துணைக்கு மொக்கைச்சாமி போனார். தெருவில் நாங்கள் நடந்துகொண்டே, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசிக்கிறவர்கள். அங்கே குளிர் அறைக்குள் தனியாக நிற்க வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று தாளத்தை ஓடவிட்டார்கள். எதிரே திரையில் கதாநாயகன் குதிக்கிறான். அவன் கால் தரையைத் தொடுகிற நொடியில் பதினோராவது சுரம் விழ வேண்டும். பிரின்ஸுக்குப் பத்தும் வந்தது. பதினோராவது ஒவ்வொரு தடவையும் பிளந்தது. இருபத்திரண்டாவது டேக்கில் உதட்டில் ரத்தம் வந்துவிட்டது.

"கூட வந்தவர் ஊதுவாரா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார் இசையமைப்பாளர்.

மொக்கைச்சாமி அதே டிரம்பெட்டை வாங்கி, வாய் வைக்கும் இடத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். இரண்டாவது டேக்கில் ஓகே. அடுத்து வந்த பாகங்களிலெல்லாம் அதே ஊதலை எடுத்து, அடியில் வேறு வேறு வாத்தியங்களைப் போட்டுக்கொண்டார்கள். மறுபடி யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை.

வெளியே வரும்போது பெயர் குறிக்கிறவர் கேட்டார். மொக்கைச்சாமிதான் முந்திக்கொண்டு "போடி பிரின்ஸ்னு போட்டுக்கங்க" என்றாராம். பேண்டு செட்டில் அதுதான் வழக்கம். எவன் ஊதினாலும் பெயர் செட்டுக்காரனுக்கு. அன்றைக்கு அது இரண்டு பேருக்குமே தப்பாகத் தெரியவில்லை.

"எழுத்துல வரும்னு யாரு கண்டா?" என்று மொக்கைச்சாமி டியூபைத் தடவிக்கொண்டே சிரித்தார். "இப்பச் சொல்லி என்னத்துக்குப் பிரின்ஸு? மெட்ராஸ்லருந்து வந்த அன்னைக்கே பவுனுட்டச் சொன்னேன். 'குடிச்சிருக்கியா'ன்னு கேட்டுச் சிரிச்சா. பெறகு படத்துல ஒம்பேரு வந்துச்சு. அதுக்கப்பறம் நான் யார்ட்டயும் சொல்லல. பொண்டாட்டியே நம்பலைன்னா ஊரா நம்பப் போகுது?"

"சர்ச்சுல பாட்டுப் பாடுறப்போகூட என்னால நிமுந்து பாக்க முடியலண்ணே" என்று பிரின்ஸ் அழுதான்.

எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் என் யோக்கியதை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முந்தின மாதம்தான், மரக்காஸ் தாளம் தப்புகிறது என்று மொக்கைச்சாமியை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். அவர் "சரி வேலு" என்று தலையாட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பிரின்ஸுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஷீல்டு கொடுத்தார்கள். அவன் ஷீல்டைக் கீழே வைத்துவிட்டு டிரம்பெட்டை உதடு வரைக்கும் கொண்டுபோனான். அப்படியே இறக்கினான். மைக்கைப் பிடித்தான்.

"இத ஊதுனது நான் இல்ல. எனக்கு அந்தக் கடைசிச் சுரம் அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வராது. ஊதுனது எங்க மொக்கைச்சாமி அண்ணன். அந்தா, அங்கன கடேசி வரிசையில உக்காந்திருக்காக. பதினெட்டு வருசமா நான் ஏமாத்திட்டேன். என்னய மன்னிச்சிருங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தொளதொளத்த சீருடை, மடியில் மரக்காஸ், பொக்கை வாய். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"பார்த்தீங்களா? தனக்குக் கிடைச்ச மரியாதையைத் தன் குழுவுல கடைசில நிக்கிறவருக்குத் தூக்கிக் கொடுக்கிறார். பெரிய கலைஞனோட அடக்கம்னா இதுதான்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். "இல்ல சார், சத்தியமா" என்றான் பிரின்ஸ். கைதட்டல் இன்னும் கூடியது. முன்வரிசையில் ஜெபஷீலா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரின்ஸ் பொன்னாடையைக் கழற்றப் போனான். பக்கத்தில் நின்றவர் அதைச் சரிசெய்து மறுபடி போர்த்திவிட்டார். அவர் ஊதாவிட்டால் என்ன, நாம் போடுவோம் என்று இயக்குநர் கைகாட்ட, ஸ்பீக்கரில் படத்திலிருந்த பதினோரு சுரமும் கிளம்பியது.

நான் மொக்கைச்சாமிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், பவுனு அந்தப் பக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்தாவது சுரத்தில் அந்த ஒட்டிய உதடு இறுகியது. பதினோராவது உச்சியில் நின்றபோது அவர் கழுத்து நரம்பு புடைத்து, மூச்சும் அதோடு சேர்ந்து நின்றது. சுரம் முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். பவுனு மேடையைப் பார்க்கவே இல்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கைதட்டல் எழுந்தது. மொக்கைச்சாமியும் கண்ணைத் திறந்து, பழக்கத்தில் மேடையைப் பார்த்துத் தட்டினார். பவுனு அவர் இரண்டு கையையும் எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எதுக்குய்யா தட்டுற?" என்றாள். "நீ ஊதுனதுக்கு நீயேவா தட்டுவ?"