அக்காவின் பனிச்சறுக்கு ஜாக்கெட்

பனி கொட்டும் இந்த வெளிநாட்டு லாசாலில் அக்கா வீட்டு வாஷிங் மெஷின் பழுது. அவளுடைய பனிச்சறுக்கு ஜாக்கெட்டை அணைத்துக்கொண்டு தெருமுனைச் சலவைக் கடையில் நிற்கிறேன். "துவைச்சு வைடி, ஞாயித்துக்கிழமை சறுக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். மதுரையிலிருந்து நான் இதற்குத்தான் வந்தேன் போலிருக்கிறது. எனக்கு வாய்த்தது யானைமலை. அங்கே சறுக்க வெயில்தான் இருக்கிறது.

எல்லாத் துணிக்கும் ஊற்றுவதுபோல் வாசனை சாஃப்ட்னரை எடுக்கிறேன். பக்கத்து மெஷினில் பிள்ளைகளின் உடுப்புகளைத் திணித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் என் கையைப் பார்க்கிறாள்.

"அக்கா, இதுக்கு அது விடாதேங்கோ. பேந்து துணி தண்ணியை உறிஞ்சத் தொடங்கிடும். பனிக்குள்ள விழுந்தா நனைஞ்சு விறைச்சுப் போவியள்."

பாட்டிலை மூடுகிறேன்.

"நல்ல ஜாக்கெட். உங்கடயோ?"

"என்னோடதுதான்." பொய் தானாக வருகிறது.

"சிப் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுப் போடுங்கோ" என்றபடி அவளே ஜிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடுகிறாள். கைப்பகுதியிலிருந்த சின்னப் பையில் ஓர் அட்டை தட்டுப்படுகிறது. சறுக்கு மலைக்கான அனுமதி அட்டை. அதில் அக்கா கன்னம் சிவக்கச் சிரிக்கிறாள்.

யாழ்ப்பாணத்துப் பெண் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறாள்.

"மகளோ? நல்ல வடிவு."

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள்.

"ஆமா" என்கிறேன்.

அவள் தன் மெஷின் பக்கம் திரும்பியதும், சாஃப்ட்னர் பாட்டிலின் மூடியை மறுபடி திறக்கிறேன்.