வரப்பில் கிடந்த சென்சார்

நம் தோட்டங்களில் சென்சார் வைத்த கனகா அக்கா இறந்த செய்தி வந்தபோது, அழுகியது போக மிஞ்சிய தக்காளியை நாங்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். சின்னமனூர் சாலையில் அவருடைய ஸ்கூட்டர் மீது லாரி மோதிவிட்டதாம். அப்பா கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தப் புள்ளையாலதான் நம்ம வெள்ளாமை போச்சு" என்றார்.

நம் கிணற்றுக்காரர்களே, ஆண்டிபட்டியில் நடந்த அடக்கத்துக்கு நீங்கள் வேன் பிடித்துப் போனீர்கள். திரும்பும் வழியெல்லாம் அப்பா சொன்னதையே நீங்களும் சொன்னீர்கள். அக்காவைத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்குக் கூசவில்லையா? அம்மாவின் போனில், போர்வைக்குள் இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் திரையை அணைத்துவிடுகிறேன்.

நான்கு வீட்டுக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறைக்காக நீங்கள் மண்வெட்டியோடு மல்லுக்கு நின்ற காலத்தில்தான் சென்சார் கம்பெனி வேலையாக அக்கா வந்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் வேர் ஓடும் ஆழத்தில் ஒரு சென்சாரைப் புதைத்தார். மண்ணின் ஈரத்தை அது போனுக்குச் சொல்லும். செடி எப்போது பூக்கும், எப்போது காய் பறிக்கலாம் என்று போன் கணித்துக் காட்டும். எந்த மண் அதிகம் காய்ந்திருக்கிறதோ அதற்கே முதல் தண்ணீர் என்று பேசி முடித்தீர்கள். "யாருக்கு மீச பெருசுன்னு அதுக்குத் தெரியாதுண்ணே" என்றார் அக்கா. சிரித்தீர்கள். புருஷன் இல்லாத மூக்கம்மா அத்தையின் கத்தரிக்கு அந்த வாரம்தான் முதல்முறையாகப் பகலில் தண்ணீர் பாய்ந்தது.

அக்கா கனிவாகப் பேசுகிறவர் அல்ல. ஒருநாள் எங்கள் தோட்டத்தில் நான் போனை எட்டிப் பார்த்ததற்குத் திட்டினார். "மொதல்ல மண்ண எடுத்து உருட்டிப் பாருடி. ரெண்டும் ஒத்துவரலைன்னா எவனோ கை வச்சிருக்கான்."

தக்காளிப் பாத்தியில் ஒரு பிடி எடுத்தேன். களி உருண்டைபோலத் திரண்டது. போனோ, மண் காய்ந்து கிடக்கிறது என்றது. அக்கா ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது பாத்தியில் முடியவில்லை, காய்ந்த மேற்கு வரப்பில் ஒரு தட்டைக் கல்லுக்கடியில் முடிந்தது. முதல் தண்ணீர் எப்போதும் தனக்கே வரவேண்டும் என்று அப்பா சென்சாரைப் பிடுங்கி அங்கே செருகியிருந்தார்.

"வேரு அழுகிப்போகும்ணே. பழைய எடத்துல வச்சுருங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

அப்பா வைக்கவில்லை. அக்கா கடைசிவரை சொல்லவுமில்லை. செடி மஞ்சளித்து வேர் அழுகியது. போன் சொன்ன நாளில் காய் வரவில்லை. கருவி பொய், அதை வைத்தவள் ஏமாற்றுக்காரி என்றார் அப்பா. வாயைத் திறந்தால் என் பள்ளிக்கூடம் அத்தோடு சரி என்று என்னிடம் தனியாகச் சொன்னார். "அப்பா கோவமா இருக்காக, பேசாம இரு" என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

நாளைக் காலையில் எல்லாத் தோட்டத்துச் சென்சாரையும் பிடுங்கப் போகிறீர்கள். மூக்கம்மா அத்தை மறுபடி கடைசி ஆளாக நிற்பாள்.

மண்ணை உருட்டிப் பார்க்கும் பழக்கம் என்னிடம் இருக்கும். அக்கா எங்கள் வீட்டுக்காகக் காத்த மௌனம் எனக்கு வேண்டாம். பிடுங்குவதானால் முதலில் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். அப்பா மறிப்பார். மேற்கு வரப்பில் தட்டைக் கல் ஒன்று கிடக்கிறது. அதைப் புரட்டுங்கள்.