சங்கம் அனுப்பிய ஆள்

அந்த விண்ணப்பப் படிவம் ஏழு பக்கம். இடது மேல்மூலையில் இரண்டு பின் அடித்திருந்தார்கள். முதல் பின் சரியாகப் பதியாததால் இரண்டாவது. விவேக் நகரில் உள்ள என் சிகிச்சை அறையில், யாரும் வராத ஒரு மதிய வேளையில், மசாஜ் மேசைமீது அதை விரித்துவைத்து முதல் வரியிலிருந்து படித்தேன். பெயர், வயது, பயிற்சி பெற்ற இடம், அனுபவம் என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டுவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். கடந்த ஓராண்டில் யாருக்குச் சிகிச்சையளிக்க மறுத்தீர்கள், காரணம் என்ன? பதிலுக்கு எட்டு வரிகள் விட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டேன். மசாஜ் சிகிச்சையாளர்களுக்கான ஒரு சங்கம், சேர வருகிறவளிடம் எத்தனை பேரின் வலியைத் தீர்த்தாய் என்று கேட்காமல் யாரைத் திருப்பி அனுப்பினாய் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றக் காரணம் இருந்தது. ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, தனியாக இந்த அறையை எடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்களுக்கு மட்டும், கழுத்து, தோள், இடுப்பு, கால். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்தத் தசையில் இறுக்கம், எவ்வளவு நேரம் கொடுத்தேன் என்பதையெல்லாம் பழுப்பு அட்டை நோட்டில் எழுதுவேன். அன்றைக்கு நான் நினைத்ததை எழுத வேறொரு நோட்டு, நீல அட்டை, ஒரு நாள்கூட விடுபடாதது. அறையின் சுவரில் ஒரு சான்றிதழும் தொங்கியது. ஏதோ ஒரு கவுன்சில் கூரியரில் அனுப்பியது. என் கையை யாரும் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கநிற முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியவளும் நான்தான்.

நகரின் இன்னொரு மூலையில் ஏதோ ஒரு மசாஜ் நிலையத்தில் போலீஸ் நுழைந்த செய்தி நாளிதழில் வந்தது. அதற்கு மறுநாள் காலை, மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனர் ஆன்ட்டி இறங்கி வந்தார். உட்காரவில்லை.

"தப்பா நெனக்காதம்மா. உன்னப் பத்தி எனக்குத் தெரியும். தெருவுல இருக்கறவங்களுக்குத் தெரியுமா? சர்ச்சுக்குப் போறவங்கல்லாம் உன் போர்டு முன்னாடி நின்னு படிச்சிட்டுப் போறாங்க."

"சர்டிபிகேட் மாட்டியிருக்கேனே ஆன்ட்டி."

"மாட்டியிருக்க. என் மருமகன் போன்ல தேடிப் பாத்தாரு. அப்படி ஒரு கவுன்சிலே கெடயாதாம். சீல் மட்டும் நல்லா பளபளன்னு இருக்கு."

இரண்டு மாதம் அவகாசம் தந்தார். அதற்குள் விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய ஓர் இடத்திலிருந்து காகிதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். மசாஜ் என்ற சொல்லைக் கேட்டால் இந்த நகரத்தில் இன்னொரு வீட்டுக்காரர் எனக்குக் கதவைத் திறக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அறை போனால் தொழிலும் போகும்.

அப்படித்தான் அல்சூரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த அந்தச் சங்கத்திடம் தபாலில் படிவம் வாங்கிப் படித்துவிட்டு, நேரிலும் போனேன். முத்திரையைப் பார்த்து ஏமாந்தவள் என்பதால் இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தேன். பெயர்ப்பலகை சின்னது, நல்லது. அலமாரிகளுக்குப் பூட்டு இருந்தது, அதுவும் நல்லது. சுவரில் ஒருவர் படம்கூட இல்லை. அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியவில்லை. செயலாளர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ் என்று வளர்ந்தவர் போலப் பேசினார். நான் முதலில் பார்த்தது அவர் நகங்களை. எங்கள் தொழிலில் பொய் சொல்ல முடியாத இடம் அது. சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார்.

"உங்கள ரிஜிஸ்டர்ல சேக்கறதுக்கு முன்னாடி ஒருத்தங்க பேஷன்ட்டா வருவாங்க மேடம். யாரு, எப்போன்னு சொல்லமாட்டோம்" என்றார்.

"உளவு பாக்கவா?"

"ஹௌது, ஆமா. உளவுதான்." சிரிக்கவில்லை.

"மறுத்தவங்கன்னு ஒரு கேள்வி இருக்கே. எனக்கு அப்படி யாருமே இல்ல."

"இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. வந்தவங்க எல்லார் மேலயும் கைய வெக்கற தெரபிஸ்ட்டப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயம். அவ்ளோதான்."

மெட்ரோவில் திரும்பி வரும்போது அந்தப் பதிலை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று மாலை நீல நோட்டில் எழுதினேன்: 'செயலாளரிடம் மரியாதை உண்டு, கனிவு இல்லை. ஏமாற்றுகிறவர்களும் நகம் வெட்டுவார்கள்.'

அடுத்த மூன்று வாரங்கள் கதவைத் தட்டிய ஒவ்வொரு புதுமுகத்தையும் எடைபோட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு வந்த பெண்ணைப் பார்த்ததும், இவர்தான் என்று முடிவு செய்தேன். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை என்றார். அங்கிருந்து இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும்? யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருத்தங்க சொன்னாங்க" என்றார், பெயர் சொல்லவில்லை. வலது கெண்டைக்காலில் மூன்று நாளாக வலி. ஊருக்குப் போய்ப் பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து வந்தாராம். ஒரு கால் மட்டும், அதுவும் கெண்டைக்கால், அதுவும் நீண்ட பயணத்துக்குப் பின். மருத்துவமனையில் எங்களுக்குப் பாடம் எடுத்தபோது கரும்பலகையில் எழுதிப்போட்டது அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பச்சையாகவா கேள்வித்தாள் தயாரிப்பார்கள் என்று எனக்குச் செயலாளர்மீது கொஞ்சம் ஏளனம்கூட வந்தது.

எனவே ஒன்றையும் விடாமல் கேட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மாதவிலக்கு அதிகமாகப் போவதற்கு ஹார்மோன் மாத்திரை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. அளவு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தேன். வலது மூன்று சென்டிமீட்டர் கூடுதல். புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு. வீங்கிய காலோடு ஓர் ஆளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு நாடாவைச் சுருட்டினேன்.

"நான் இதத் தொடமாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

"கால் வலிக்கு எதுக்குக்கா ஆஸ்பத்திரி? லேசா எண்ணெ போட்டு நீவி விடுங்க. நாளைக்கு ஷிப்ட் இருக்கு."

"நீவக்கூடாது. வேற யாருகிட்டயும் போயி நீவிக்கவும் கூடாது. ரத்தம் கட்டியிருக்கலாம்."

"இதச் சொல்லவா இவ்ளோ நேரம் அளந்தீங்க?" என்று முணுமுணுத்தார். பார்த்ததையும் அளந்ததையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து, நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். வாசலிலிருந்து ஆட்டோவரை அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். அன்று நீல நோட்டில் அளவுகளையும் நினைத்ததையும் எழுதி, இப்படி முடித்தேன்: 'சங்கம் அனுப்பிய ஆள் வந்துபோனார். நொண்டல் கொஞ்சம் அதிகம்.' பிறகு படிவத்தின் எட்டு வரிகளையும் ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில் நிரப்பி, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆறு நாள் கழித்து அந்தப் பெண்ணின் தங்கை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அக்கா ஆஸ்பத்திரில இருக்கு. கால் நரம்புல ரத்தக்கட்டி. நீவியிருந்தா நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. உங்களப் பாத்துச் சொல்லிட்டு வரச் சொல்லிச்சு."

"நீங்க… சங்கத்துலருந்து வரலியே?" என்று கேட்டேன்.

"எந்தச் சங்கம்?" என்றாள்.

அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். நொண்டல் கொஞ்சம் அதிகம். என் கையெழுத்து எப்போதும்போல நேராக இருந்தது. ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்து, பிறகு மூடினேன்.

செயலாளர் என்னை அழைத்தபோது ஆன்ட்டி தந்த அவகாசத்தில் பதினொரு நாள் மீதி இருந்தது. மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நான் எழுதிக்கொடுத்த மறுப்பு. இன்னொன்று சங்கம் உண்மையிலேயே அனுப்பியவரின் அறிக்கை. அவர் அதே வாரம் வியாழக்கிழமை கழுத்துவலி என்று வந்த வயதான அம்மாள். மருமகளுக்குக் களி கிண்டத் தெரியாததை ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாயோடு சோதனை முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. பத்து நிமிடம் கூடுதலாகவே கொடுத்தேன். அறிக்கையைச் செயலாளர் படித்துக் காட்டினார். 'அறை சுத்தம். கை நல்ல கை. ஆனால் தொடும்முன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பினால் தலைசுற்றும் என்பதைச் சொல்லக் காத்திருந்தேன், கேட்கவே இல்லை.'

"அதுவும் நீங்க, இதுவும் நீங்களா?" என்றார் செயலாளர். "செவ்வாக்கிழம டேப் வெச்சு அளந்திருக்கீங்க. வியாழக்கிழம வாயே தொறக்கல. புத்தகத்தப் பாத்து எழுதினீங்களா மேடம்? அந்த எட்டு வரிய நெறைய பேர் அப்படித்தான் ரொப்பறாங்க."

"உண்மையா வந்தாங்க. இப்போ ஆஸ்பத்திரில இருக்காங்க."

"பேஷன்ட் பேரு, நம்பர் நான் கேக்கக்கூடாது. அது ரூல். வேற ஏதாவது இருக்கா?"

பழுப்பு நோட்டைக் காட்டினேன். அதைப் பின்னால்கூட எழுதிச் சேர்க்கலாமே என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பையில் நீல நோட்டு இருந்தது. நாள் விடாமல், பக்கம் விடாமல் எழுதியது. இடையில் எதையும் நுழைக்க முடியாது. அது ஒன்றுதான் என் சாட்சி. அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினார். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுத்துக் கூட்டத் தெரியாது. நீங்களே படிங்க."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அளவுகள் எழுதிய நான்கு வரிகளை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. பதினொரு நாள் என்ற கணக்கு தலைக்குள் ஓடியது. படிக்கத் தெரியாது என்பதே ஒரு பொய்யாக இருக்கலாம், இதுவும் ஒரு சோதனையாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்காக உண்மையைப் படித்தால், செவ்வாய்க்கிழமை செய்ததையே மறுபடியும் செய்கிறேன் என்றும் தோன்றியது. எந்தக் காரணத்துக்காகப் படித்தேன் என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. படித்தேன். கேள்வித்தாள் என்று ஏளனம் செய்ததை, கெட்டிக்காரர்கள் என்றதை, நொண்டல் கொஞ்சம் அதிகம் என்றதை, எல்லாவற்றையும்.

செயலாளர் மேசைமீது கையை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றார்.

"கட்டி கரையறதுக்கு மருந்து குடுக்கறாங்க. எழுந்து நடக்கறாங்களாம்."

"நான் அனுப்பினேன்னு நெனச்ச ஆளுகிட்ட எல்லாம் கேட்டீங்க. நான் நெஜமாவே அனுப்பின ஆளுகிட்ட ஒண்ணும் கேக்கல."

"ஆமா."

"என்னப் பத்தியும் ஏதாவது எழுதியிருப்பீங்களே?"

அவரை முதன்முதலில் பார்த்த நாளின் பக்கத்தைத் திருப்பி அதையும் படித்தேன். நகம் வெட்டுகிறவர்கள் பற்றிய வரி வந்ததும் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவர் என்னை அக்கா என்று அழைத்தார்.

"இதப் பொய்யா எழுத முடியாதுக்கா. இவ்ளோ கேவலமா யாரும் தன்னப் பத்தியே எழுதிக்கமாட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மட்டும் லெட்டர் தர்றேன். மறுபடி ஒருத்தங்க வருவாங்க, சொல்லமாட்டோம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. இனிமே வர்ற எல்லாரையும் நான் அனுப்பினதா வெச்சுக்கங்க."

அந்தக் கடிதத்தை ஆன்ட்டியின் மருமகன் தொலைபேசியில் விசாரித்தார். சங்கத்தில் எடுத்துப் பதில் சொன்னார்கள். அறை எனக்கே இருக்கிறது. செயலாளர் இரண்டாண்டுக்குமுன் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்ன அந்த இரண்டாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. கடிதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது என்பதால் வந்துபோயிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக என் மேசையில் படுத்த ஒவ்வொருவரையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதில் எது அக்கறை, எது பயம் என்று பிரித்துப் பார்க்க முயன்று பல பக்கங்கள் எழுதினேன். பிரிக்க வரவில்லை.

போன வாரம் ஆன்ட்டி தோள்வலி என்று இறங்கி வந்தார். மேசையில் ஏறிப் படுக்கப் போனவரை நிறுத்தி நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க ஆன்ட்டி?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? தோள அமுக்கு."

"சொல்லுங்க. தலசுத்தல் இருக்கா? நெஞ்சுல ஏதாவது இறுக்கம்?"

"பதிமூணு வருஷமா தல மேல குடியிருக்கேன். என்னையே சந்தேகப்படறியா நீ?"

"ஆமா ஆன்ட்டி."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, காலையில் சாப்பிடுகிற மாத்திரைகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.